உழுத நிலத்தில் ஓடைக்கரைக் காப்புப் பட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிர் வைப்பதை நிறுத்திவிட்ட நிலத்தில் ஓடையோரமாகப் புல்லும் செடியும் மரமும் வளர்த்துத் தண்ணீரைத் தெளியவைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நிலம் வைத்திருப்பவர்கள், நடவுக்கு வரும் தன்னார்வலர்கள், தண்ணீர் மாதிரி எடுக்கும் மாணவர்கள் என யாரைச் சந்தித்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

கரைப்பட்டை என்கிறீர்களே, ஓடையோரம் மரம் நடுவதைத்தானே சொல்கிறீர்கள்?

மரம் அதில் ஒரு பகுதி. வயலுக்கும் ஓடைக்கும் நடுவே உழாமல், உரமிடாமல், மேய்க்காமல் நிரந்தரமாகத் தாவரங்கள் மூடியிருக்கும்படி விட்டுவைக்கும் நிலத்துண்டுதான் கரையோரக் காப்புப் பட்டை. சுருக்கமாகக் கரைப்பட்டை என்கிறேன். அதில் புல் இருக்கலாம், புதர் இருக்கலாம், மரம் இருக்கலாம். மூன்றும் சேர்ந்திருப்பது பெரும்பாலும் நல்லது.

மேட்டிலிருந்து வரும் தண்ணீர் ஓடையில் கலப்பதற்கு முன் இந்தத் துண்டின் ஊடாக மெதுவாகக் கடந்து வரவேண்டும். அப்போதுதான் அதன் பெயருக்குப் பொருள் உண்டு. தண்ணீர் வேறு வழியாகப் போய்விட்டால் எத்தனை மரம் நின்றாலும் ஓடை தெளியாது. கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரு விஷயத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்ப்பவைதான்.

விவசாயத்தை நிறுத்தியாகிவிட்டது. பிறகு தண்ணீர் ஏன் கெடுகிறது?

நிலத்துக்கு நீண்ட நினைவு உண்டு. பல ஆண்டுகள் உரமாக இட்ட பாஸ்பரஸ் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மண் கரையும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து போகிறது. பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட் எப்போதோ நிலத்தடி நீருக்கு இறங்கிவிட்டது. அது இப்போதும் மெல்ல நகர்ந்து ஓடையில் ஊறிக்கொண்டிருக்கும். இயந்திரங்களும் கால்நடைகளும் மிதித்து இறுகிய மண்ணில் மழை இறங்காமல் மேலேயே வழிந்தோடும்.

இது போக, நிறுத்தியது உங்கள் துண்டு மட்டும்தான். அதற்கு மேலே இருக்கும் வயல்களில் சாகுபடி தொடரலாம். அந்தத் தண்ணீரும் உங்கள் நிலத்தின் வழியாகத்தான் ஓடைக்கு வருகிறது. உங்கள் துண்டு எவ்வளவு பெரிய பொறுப்பில் நிற்கிறது என்பதை அப்படித்தான் பார்க்கவேண்டும்.

அப்படியே விட்டுவிட்டால் தானாகவே காடாகிவிடாதா?

சில இடங்களில் ஆகிவிடும். பக்கத்திலேயே பழைய மரங்கள் விதை உதிர்த்துக்கொண்டிருந்தால், வெள்ளம் விதைகளைக் கொண்டுவந்து போட்டால், மேய்ச்சல் இல்லாதிருந்தால், இயற்கை நம்மைவிடக் குறைந்த செலவில் செய்து முடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வேலியைப் போட்டுவிட்டு விலகி நிற்பதே சரி.

உழுத நிலத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. உரம் தேங்கிய மண்ணில் வேகமாக வளரும் புல்லும் படர்கொடியும் அயல் களைகளும் முதலில் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் நிழலில் மரக்கன்று முளைத்தாலும் தலை தூக்காது. பத்து வருடம் கழித்துப் போனாலும் அதே ஒற்றைக் களைதான் நிற்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்து என்ன முளைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உள்ளூர் மரக்கன்றுகள் பரவலாகத் தென்பட்டால் அவற்றைச் சுற்றிக் களையெடுத்துக் காப்பாற்றுங்கள். எதுவும் தென்படாவிட்டால் நடுங்கள்.

வெறும் செடிகள் எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்யும்?

மண்ணும் பாஸ்பரஸும் பிடிபடுவது ஒரு விதம். வழிந்தோடி வரும் தண்ணீர் அடர்ந்த புல்லிலும் சருகிலும் மோதி வேகம் இழக்கிறது. வேகம் குறைந்தால் அது சுமந்துவரும் மண் படிந்துவிடும். பாஸ்பரஸில் பெரும்பகுதி அந்த மண்ணோடு ஒட்டியிருப்பதால் அதுவும் படிகிறது. வேர்கள் துளைத்த மண் பஞ்சுபோல் இருப்பதால் தண்ணீரின் ஒரு பகுதி மண்ணுக்குள்ளும் இறங்கிவிடுகிறது.

நைட்ரேட் பிடிபடுவது முற்றிலும் வேறு விதம். அது தண்ணீரில் கரைந்திருக்கிறது, படியாது. பெரும்பாலும் நிலத்துக்கு அடியில்தான் பயணம் செய்கிறது. கரையோரத்து ஈர மண்ணில் ஆக்சிஜன் குறைவு. வேரும் சருகும் மக்கிய கரிமப்பொருள் அதிகம். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஒரு பங்கைத் தாவரங்களும் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்தில் ரோட் ஆற்றுப் பகுதியில் மக்காச்சோள வயலுக்கும் ஓடைக்கும் இடையிலிருந்த காட்டை பீட்டர்ஜான், கோரல் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். வயலிலிருந்து வந்த நைட்ரேட்டில் பெரும்பகுதி அந்தக் காட்டைக் கடக்கும்போதே மறைந்துபோனதை அவர்கள் காட்டினார்கள். இத்துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சுட்டும் ஆய்வு அது.

மூன்றாவதாக நிழல். நிழல் விழுந்த ஓடை குளிர்ந்திருக்கும், குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், பாசி குறையும். விழும் இலைகள் ஓடைப் பூச்சிகளுக்கு உணவு. அந்தப் பூச்சிகளும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் ஓடைக்குள்ளேயே ஒரு பங்கு சத்துகளைப் பிடித்துவைக்கின்றன. சுத்திகரிப்பு கரையோடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எத்தனை மீட்டர் அகலம் வேண்டும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண் வேண்டுமென்றால் 30 மீட்டர், ஓடையின் ஒவ்வொரு பக்கமும். ஸ்வீனி, நியூபோல்ட் என்ற ஆய்வாளர்கள் 2014இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சிறு ஓடைகளின் நலனைக் காக்க இந்த அகலமாவது தேவை என்றார்கள். அவர்கள் கணக்கின்படி வண்டலில் 10 மீட்டர் பட்டை ஏறத்தாழ 65 சதவீதத்தையும், 30 மீட்டர் பட்டை ஏறத்தாழ 85 சதவீதத்தையும் பிடிக்கிறது. கவனியுங்கள்: முதல் பத்து மீட்டர்தான் மிகப் பெரிய வேலையைச் செய்கிறது.

சட்டங்கள் இதைவிடக் குறைவாகவே கேட்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2015இல் இயற்றிய சட்டம் பொது நீர்நிலைகளுக்குச் சராசரி 50 அடியும், பொது வடிகால்களுக்கு 16.5 அடியும் விதித்தது. கால்நடைகளை ஓடையிலிருந்து விலக்க நியூசிலாந்து 2020இல் கொண்டுவந்த விதிகள் 3 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கின்றன. சட்டம் கேட்பது குறைந்தபட்சம். தண்ணீருக்குப் போதுமானது எவ்வளவு என்பதை அதை வைத்து முடிவு செய்யவேண்டாம்.

என் சொந்தக் கருத்து, அகலத்தை அளவுகோல் பிடித்து ஒரே சீராக வரையக்கூடாது என்பது. தண்ணீர் வந்து கூடும் பள்ளத்தில் 40 மீட்டர் விடுங்கள். மேடாக, தண்ணீர் விலகிப்போகும் இடத்தில் 10 மீட்டர் போதும். மொத்த நிலம் அதேதான், பலன் கூடும்.

என்னால் ஐந்து மீட்டர்தான் ஒதுக்க முடியும். வீண்தானா?

வீணில்லை. அடர்ந்த புல் இருந்தால் ஐந்து மீட்டரே கணிசமான மண்ணைப் பிடிக்கும், கரையை வேர்கள் கட்டும், கலப்பையும் உரமும் கரை ஓரம்வரை வருவது நிற்கும். நைட்ரேட் விஷயத்தில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஐந்து மீட்டரில் தொடங்கிப் பலன் பார்த்துப் பதினைந்து ஆக்கியவர்கள் உண்டு. சிறிதாக இருக்கிறதே என்று தொடங்காமல் போவதுதான் வருத்தம் தருகிறது.

புல் நல்லதா, மரம் நல்லதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இருவருமே தாங்கள் அளந்ததைத்தான் சொல்கிறார்கள். மண்ணைப் பிடிப்பதில் விறைப்பான, நெருக்கமான புல்லுக்கு ஈடில்லை. நிழல், இலை உணவு, ஆழமான வேர் ஆகியவற்றில் மரத்துக்கு ஈடில்லை. அதனால்தான் அமெரிக்க வனத்துறை 1991இல் மூன்று அடுக்கு முறையைப் பரிந்துரைத்தது: ஓடையை ஒட்டி 15 அடிக்குத் தொடாத காடு, அதற்கடுத்து 60 அடிக்குத் தேவைப்பட்டால் வெட்டி எடுக்கக்கூடிய மரங்கள், வயலோரம் 20 அடிக்குப் புல். வயலிலிருந்து சீறி வரும் தண்ணீரைப் புல் முதலில் அடக்கிப் பரப்பிவிடுகிறது, பிறகு மரங்களின் வேர்ப்பகுதி அதை வாங்கிக்கொள்கிறது. அயோவா மாநிலத்தின் பேர் கிரீக் ஓடையில் 1990இல் தொடங்கிய நடவும் இதே போல மரம், புதர், புல் என்ற வரிசையில் அமைந்ததுதான். முழுக்கப் பயிர் நிலமாக இருந்த இடத்தில் இது சாத்தியம் என்று அது காட்டியது.

இட நெருக்கடி இருந்தால் வயலோரப் புல்லை விட்டுவிடாதீர்கள். மரத்தை மட்டும் வரிசையாக நட்டு அடியில் வெறும் மண் தெரிந்தால் முதல் கனமழையிலேயே அந்த மண்ணும் ஓடைக்குள் போய்விடும்.

மரம் வைத்தால் கரை இடிந்து ஓடை அகலமாகும் என்கிறார்களே?

அகலமாகும் என்பது உண்மை. பயப்படவேண்டிய உண்மை இல்லை. புல் மூடிய கரைகள் உள்நோக்கி வளர்ந்து ஓடையை நெருக்கிச் சுருக்கிவிடுகின்றன. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 16 ஓடைகளை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வு, காடு சூழ்ந்த பகுதிகளில் ஓடை அகலமாகவும் நீரோட்டம் நிதானமாகவும் இருப்பதையும், அதனால் படுகையில் வாழும் உயிர்களுக்கு இடம் அதிகமாகி மாசுகள் அதிகம் பிடிபடுவதையும் காட்டியது.

புல்கரையாக இருந்த இடம் காடாக மாறும்போது நடுவில் சில ஆண்டுகள் கரை கொஞ்சம் கரையும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். தெரியாதவர்கள் அந்த நேரத்தில் கல் கட்டிக் கரையை இறுக்கி, செய்த வேலையைப் பாழாக்கிவிடுகிறார்கள்.

என் நிலத்தில் இருப்பது மழையில் மட்டும் ஓடும் சிறு ஓடை. அதற்கும் இதெல்லாம் தேவையா?

அதற்குத்தான் முதலில் தேவை. ஓர் ஆற்றின் கிளைகளையெல்லாம் சேர்த்து நீளம் பார்த்தால் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிற்றோடைகள்தான். சிற்றோடையில் தண்ணீர் குறைவு, கரையோடு உரசல் அதிகம். ஒரு மீட்டர் பட்டைக்குக் கிடைக்கும் பலன் அங்கேதான் கூடுதல். பெரிய ஆற்றின் கரையில் மட்டும் மரம் நட்டால், மேலேயிருந்து ஏற்கெனவே கலங்கி வந்த தண்ணீருக்கு அந்த மரங்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

எங்கிருந்து தொடங்குவது? நர்சரிக்கா போகவேண்டும்?

கன்று வாங்குவதற்கு முன் ஒரு கனமழையின்போது நிலத்தில் நடந்து பாருங்கள். இடி மின்னல் ஓய்ந்ததும், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இதைவிடப் பயனுள்ள ஒரு மணி நேரம் இந்த வேலையில் கிடையாது. காகிதத்தில் பார்க்கும்போது தண்ணீர் வயலிலிருந்து பாய்விரித்ததுபோல் சீராக இறங்கி வருவதாகத்தான் தோன்றும். நேரில் பார்த்தால் பழைய உழவுச் சால், வண்டித்தடம், வரப்பு உடைந்த இடம் என்று நாலைந்து வாய்களில் திரண்டு, சிறு வாய்க்கால்களாகப் பாய்ந்து வரும். வயலின் பெரும்பகுதித் தண்ணீர் பட்டையின் மிகச் சிறிய பகுதி வழியாகவே கடந்துபோவது மிகச் சாதாரணம். மீதி மரங்கள் மழையில் நனைந்து நிற்கும், அவ்வளவுதான்.

அந்த வாய்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி நடுங்கள். மழை விட்டபின் அங்கே போய் என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். தடத்தை நிரவிச் சமப்படுத்தலாம். வயலோரம் சம உயரத்தில் தாழ்வான ஒரு மண்மேட்டை இழுத்து, திரண்ட தண்ணீரை அகலமாக வழியவைக்கலாம். பள்ளத்தின் நெடுகிலும் புல் மூடவைக்கலாம். பட்டையை அங்கே மட்டும் வயலுக்குள் நீட்டலாம். ஆண்டுகள் போகப் போகப் பட்டையின் வயல் விளிம்பில் வண்டல் படிந்து ஒரு வரப்புபோல் உயரும், தண்ணீர் அதன் மேலே ஏறாமல் பக்கவாட்டில் ஓடி, உடைந்த ஓரிடத்தில் பாயும். சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த வரப்பைத் தட்டி நிரவவேண்டியிருக்கும்.

அதே நடையில் கரையில் குழாய் வாய் ஏதேனும் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கரையில் ஒரு பழைய குழாயிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டுகிறது. அது என்ன?

ஈரமான வயல்களை வடியவைக்கப் பூமிக்குள் துளைக்குழாய் பதிப்பது பல நாடுகளில் வழக்கம். பயிரை நிறுத்தி ஆண்டுகள் ஆனாலும் குழாய் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நைட்ரேட் நிறைந்த தண்ணீரை அது கரைப்பட்டைக்கு அடியில் கொண்டுபோய் நேராக ஓடையில் ஊற்றிவிடுகிறது. மேலே நிற்கும் மரங்களுக்கும் அந்தத் தண்ணீருக்கும் தொடர்பே ஏற்படுவதில்லை.

முழு நிலமும் சாகுபடியிலிருந்து விலகியிருந்தால், மேலே உள்ள யாருடைய வயலும் அதை நம்பியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குழாயை உடைத்து அடைத்துவிடலாம். நிலம் மறுபடி ஈரமாகும், அதுதான் வேண்டும். மேலே சாகுபடி நடந்தால் வேறு வழி இருக்கிறது. கரைக்கு இணையாக இன்னொரு துளைக்குழாயைப் பதித்து, ஒரு தடுப்புப்பெட்டி வைத்துத் தண்ணீரை அதில் திருப்பினால், அது பட்டையின் மண்ணுக்குள் பரவி ஊறி ஓடையை அடையும். பேர் கிரீக்கில் 2010இல் இதை முதலில் செய்துபார்த்தார்கள். திருப்பிவிட்ட தண்ணீரிலிருந்த நைட்ரேட் கிட்டத்தட்ட முழுவதும் மண்ணிலேயே நீங்கியது.

எங்கள் ஓடை ஆள் உயரத்துக்கு வெட்டி இறங்கிக் கிடக்கிறது. மேலே மரம் நட்டால் பயன் உண்டா?

நிழலுக்கும் இலைக்கும் பயன் உண்டு. நைட்ரேட்டுக்குப் பயன் குறைவு. ஓடை ஆழமாக இறங்கினால் நிலத்தடி நீர்மட்டமும் கூடவே இறங்கிவிடும். கரிமப்பொருள் நிறைந்த மேல்மண்ணும் வேர்களும் மேலே காய்ந்து நிற்க, நைட்ரேட் கீழே வெறும் சரளை வழியாகப் போய்விடும். மேலே சொன்ன பாக்டீரியாக்களுக்கு ஈரமும் உணவும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும்.

அந்த உயரமான கரை எப்படி வந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வால்டர், மெரிட்ஸ் என்ற நிலவியல் ஆய்வாளர்கள், கிழக்கு அமெரிக்காவில் இயற்கையான கரைகள் என்று எல்லோரும் நம்பியவை, தண்ணீர் விசையில் ஓடிய ஆலைகளுக்காகக் கட்டிய ஆயிரக்கணக்கான பழைய அணைகளுக்குப் பின்னால் தேங்கிய வண்டல்தான் என்று 2008இல் காட்டினார்கள். அந்த மண்ணுக்கு அடியில் பழைய ஈரநிலம் புதைந்திருந்தது. பென்சில்வேனியாவின் பிக் ஸ்பிரிங் ரன் ஓடையில் 2011இல் அந்த வண்டலையே தோண்டி அகற்றிப் பழைய ஈரநிலத்தை மீட்டார்கள். இது பெரிய இயந்திரமும் அனுமதிகளும் தேவைப்படும் வேலை. எளிய மாற்று: ஓடைக்குள் மரக்கட்டைத் தடுப்புகள் வைத்துப் படுகையை மெல்ல உயர்த்துவது, செங்குத்துக் கரையைச் சரிவாக்கி அந்தச் சரிவில் நடுவது. அதற்கும் உள்ளூர் நீர்வளத் துறையிடம் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

என்ன மரம், எவ்வளவு நெருக்கமாக?

உங்கள் ஓடையிலேயே மேலும் கீழும் நடந்து, மனிதர் கை படாத கரையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் பட்டியல். வெப்ப நாடுகளில் நீர்மருது, நாவல் போன்றவையும், குளிர் நாடுகளில் வில்லோ, ஆல்டர் போன்றவையும் கரைக்கே உரியவை. தண்ணீரை ஒட்டி வெள்ளம் தாங்குபவை, மேலே போகப் போக வறட்சி தாங்குபவை. எட்டுப் பத்து வகைகளாவது கலந்திருக்கட்டும். ஒரு நோய் வந்தால் எல்லாம் போய்விடக்கூடாது. ஒரு எச்சரிக்கை: காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் மரங்களை மட்டுமே நிறைத்துவிடாதீர்கள். ஆல்டரும், பயறுக் குடும்பத்து மரங்கள் பலவும் அப்படிப்பட்டவை. அவை தாமே மண்ணில் நைட்ரேட்டைக் கூட்டும். எதைக் குறைக்க வந்தோமோ அது ஏறிவிடும்.

மூன்று மீட்டருக்கு ஒன்று என்று நட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,100 கன்றுகள் வரும். பிழைக்காமல் போவதற்கும் சேர்த்து இது நல்ல கணக்கு. நேர்வரிசை தேவையில்லை என்றாலும், களையெடுக்க வசதியாக இருக்கும்.

போன வருடம் நட்டதில் பாதி செத்துவிட்டது. எங்கே தவறினோம்?

அநேகமாக நட்ட பிறகு. நடவு நாளில் நூறு பேர் வருகிறார்கள், மூன்றாம் ஆண்டில் களையெடுக்க யாரும் வருவதில்லை. பழைய வயலில் கன்றின் முதல் எதிரி புல். அதன் வேர் மேல்மண்ணின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தைக் களையில்லாமல் வைப்பதும், அங்கே மூடாக்கு இடுவதும் உரத்தைவிட ஆயிரம் மடங்கு உதவும். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், எலி குடியேறித் தண்டின் மரப்பட்டையைக் கடிக்கும். மான், முயல், ஆடு வரும் இடமானால் கன்றுக்கு ஆளுயரக் காப்புக்குழல் மாட்டுங்கள். வெள்ளத்தில் சாய்ந்த குழல்களை நிமிர்த்துவது, மரம் பருத்ததும் கழற்றுவது இரண்டையும் மறக்காதீர்கள். கழற்றாத பிளாஸ்டிக் அதே ஓடைக்குள்தான் போகும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுத நிலத்தில் கலப்பை நுனிக்குக் கீழே மண் பாறைபோல் இறுகியிருக்கும். வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும், முதல் கோடையில் கன்று வாடும். கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். ஓரடியில் நின்றுவிட்டால் நடுவதற்கு முன் குழியை ஆழமாக உடைத்துவிடவேண்டும். கரை விளிம்பில் மட்டும் இயந்திரத்தால் ஆழக் கிளறவேண்டாம், அந்த மண் அரித்துப் போய்விடும்.

முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கான ஆளும் நேரமும் இல்லையென்றால் நடும் பரப்பைப் பாதியாக்குங்கள்.

பட்டையில் மாடு மேய்க்கலாமா?

கன்றுகள் வாய்க்கு எட்டாத உயரம் ஆகும்வரை கூடவே கூடாது. ஓடைக்குள் இறங்கி நிற்கும் மாடு கரையை மிதித்து உடைக்கிறது, தண்ணீரிலேயே சாணமிடுகிறது. வேலி போட்டவுடன் ஓடையில் கிருமிகளும் கலங்கலும் குறைவது, நாம் செய்யும் எல்லா வேலைகளிலும் சீக்கிரம் கண்ணில் தெரியும் பலன். மாட்டுக்குத் தண்ணீர் வேலிக்கு வெளியே தொட்டியில் கிடைக்கவேண்டும். கடந்து போகத்தான் வேண்டுமென்றால் ஓரிடத்தில் மட்டும் கல் பரப்பிய துறை அமையுங்கள்.

களைக்கொல்லி அடிக்கலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். வேறு வழியே இல்லாத அயல் களைக்கு, நீரோரத்தில் பயன்படுத்த அனுமதி பெற்றதை மட்டும், தண்டில் தடவும் முறையில், மழை வராத நாளில். உரம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

கரைப்பட்டையே பாஸ்பரஸைக் கசியவிடும் என்று படித்தேன். உண்மையா?

உண்மை, பழைய வயல்களில் குறிப்பாக. வண்டலோடு வந்த பாஸ்பரஸ் பட்டையிலேயே தங்குகிறது. நைட்ரேட்போல வாயுவாகிப் போக அதற்கு வழியில்லை. மண் நாள்கணக்கில் நீரில் ஊறி ஆக்சிஜன் தீர்ந்ததும், இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் கரைந்து வெளியேறும். ஆக, நைட்ரேட்டுக்கு நல்லதான அதே ஈரம் பாஸ்பரஸுக்குக் கெடுதலாகலாம். இந்த முரண்பாட்டை மறைக்காமல் சொல்லவேண்டும்.

செய்யக்கூடியது: முதலில் மண்பரிசோதனை. பாஸ்பரஸ் மிக அதிகமாக இருந்தால் வயலோரப் புல்லை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அறுத்து நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். அறுத்துப் போகும் ஒவ்வொரு கட்டோடும் கொஞ்சம் பாஸ்பரஸ் போகும். அங்கேயே மக்கவிட்டால் திரும்பிவிடும். மேலே உள்ள வயலில் உரத்தைக் குறைக்காமல் பட்டையை மட்டும் நம்பியிருப்பதும் தவறு.

நைட்ரேட் வாயுவாகிறதென்றால் புவி வெப்பத்தைக் கூட்டாதா?

முழுமையாக நடந்தால் வெளிவருவது சாதாரண நைட்ரஜன், காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் இருப்பது. வினை பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. எனவே கேள்வி நியாயமானது. ஆனால் நாம் தடுக்காத நைட்ரேட் எங்கும் மாயமாவதில்லை. கீழே ஆற்றிலும் கழிமுகத்திலும் இதே வினைக்கு உள்ளாகிறது, போகும் வழியில் குடிநீரையும் கெடுக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, முக்கியமாகக் கைக்குழந்தைகளைக் கருதி. வளரும் மரங்கள் கார்பனைச் சேமிப்பதையும் சேர்த்துப் பார்த்தே நான் நடுவதை ஆதரிக்கிறேன்.

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பரிசோதனையில் நைட்ரேட் அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

இன்று ஓடையில் ஊறும் நிலத்தடி நீர் எப்போது பெய்த மழை என்று யோசியுங்கள். சில இடங்களில் சில மாதங்கள், பல இடங்களில் பத்து, இருபது ஆண்டுகள். வண்டலும் அப்படித்தான், முன்பே படுகையில் படிந்தது ஒவ்வொரு வெள்ளத்திலும் நகர்ந்துகொண்டிருக்கும். மேலே நிலத்தின் நினைவு என்று சொன்னது இதைத்தான்.

முதலில் மாறுபவற்றை அளவிடுங்கள்: கோடைப் பிற்பகலில் நீரின் வெப்பம், கரை இடிந்த இடங்களின் எண்ணிக்கை, கற்களைப் புரட்டினால் தெரியும் பூச்சி வகைகள். மாதம் ஒருமுறை வெயில் நாளில் எடுத்த மாதிரி கலங்கலைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆண்டின் வண்டலில் பெரும்பங்கு சில கனமழைகளில்தான் போகிறது, அன்றைக்கு எடுக்கவேண்டும். உங்கள் நிலத்துக்குள் ஓடை நுழையும் இடம், வெளியேறும் இடம் இரண்டிலும் ஒரே நாளில் எடுங்கள். நடுவதற்கு முன் ஓராண்டாவது அளந்திருந்தால்தான் ஒப்பிட ஏதேனும் இருக்கும். இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். இவ்வளவுக்குப் பிறகும் பல ஆண்டுகளாக எதுவும் அசையவில்லையென்றால், குழாய்களையும் வெட்டி இறங்கிய ஓடையையும் பற்றிய பதில்களுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மேலே இருப்பவர் எதுவும் செய்வதில்லை. நான் மட்டும் செய்து என்ன ஆகப்போகிறது?

ஓடைத் தண்ணீர் முழுவதையும் உங்கள் ஒரு துண்டு மாற்றாது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனாலும் உங்கள் நிலத்தின் வழியாக இறங்கும் தண்ணீர் மாறும், உங்கள் பகுதி குளிரும், அங்கே உயிர்கள் திரும்பும். பலன் கூடவேண்டுமென்றால் பட்டைகள் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியாக, ஓடையின் தலைப்பிலிருந்து கீழ்நோக்கி இருப்பது நல்லது. அதற்கு மேல்நிலத்துக்காரரோடு பேசத்தான் வேண்டும். பரிசோதனைத் தாளோடு போகாதீர்கள், குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். மழை நாளில் அவரையும் நடக்க அழையுங்கள். தன் மேல்மண் வாய்க்காலில் போவதைக் கண்ணால் பார்த்த யாரும் அதை விரும்புவதில்லை.

மரம் ஒன்று ஓடைக்குள் விழுந்துவிட்டது. எடுத்துவிடலாமா?

சிறுபாலத்தையோ மதகையோ அடைக்கிறது, அல்லது வீட்டுப்பக்கம் வெள்ளத்தைத் திருப்புகிறது என்றால் எடுங்கள். இல்லையென்றால் கிடக்கட்டும். அதன் பின்னால் சருகு சேரும், வண்டல் படியும், முன்னால் ஒரு மடு உருவாகும், மீன் குஞ்சுகள் அங்கே ஒதுங்கும். வெட்டி இறங்கிய ஓடைக்கு மரக்கட்டைத் தடுப்பு வைக்கச் சொன்னேனே, அதே வேலையை இது செலவில்லாமல் செய்கிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் போய், நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.